ஒரு நாட்டில் மனைவி, மறு நாட்டில் யாருமில்லை: எல்லை கடந்த குடும்பங்களைச் சட்டம் எப்படிப் பார்க்க வேண்டும்?

நெடுவழி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். புலம்பெயர்ந்து வந்தவர்களின் ஆவணங்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் தன்னார்வப் பணியில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். அண்மையில் ஒரு பெண்மணி என் மேசையில் மூன்று தாள்களை வரிசையாக வைத்தார். ஒன்று, மதகுரு முன்னிலையில் எழுதப்பட்ட திருமண ஒப்பந்தம். இன்னொன்று, அதை வைத்து அவர் பிறந்த நாட்டின் பதிவு அலுவலகம் வழங்கிய சான்றிதழ். மூன்றாவது, கணவர் வேறொரு நாட்டில் இருந்துகொண்டு அனுப்பிய மணவிலக்குக் கடிதம். மூன்றிலும் அவருடைய பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. பிறந்த நாட்டின் கணக்கில் அவர் மணவிலக்குப் பெற்றவர். இப்போது வாழும் நாட்டின் கணக்கில் இன்னும் மணமானவர். கணவர் குடியிருக்கும் நாட்டிலோ அப்படியொரு திருமணம் நடந்ததற்கான பதிவே இல்லை. “இந்தப் படிவத்தில் என்னை யார் என்று எழுதுவது?” என்று கேட்டார். படிவத்தில் இருந்தவை நான்கே கட்டங்கள்.

இந்த நிலை அவருடைய தவறால் வந்ததன்று. ஒருவரின் குடும்ப நிலையை எந்த நாட்டுச் சட்டம் தீர்மானிக்கும் என்ற கேள்விக்கு உலகம் ஒரே விடை வைத்திருக்கவில்லை. சில நாடுகள் அதைக் குடியுரிமையோடு கட்டுகின்றன. சில, நிரந்தர வதிவிடத்தோடு கட்டுகின்றன. சில, வழக்கமாக வாழும் இடத்தைப் பார்க்கின்றன. வேறு சில, அவர் எந்த மதத்தைச் சேர்ந்தவர் என்பதையே முதலில் கேட்கின்றன. எல்லையைக் கடக்காதவரை இந்த வேறுபாடு யாருக்கும் தெரிவதில்லை. கடந்த பிறகு, திருமணம் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலாக நின்றுவிடுகிறது.

இதைச் சீர்செய்ய முயற்சி நடக்காமல் இல்லை. ஓரிடத்தில் முறையாக நடந்த திருமணத்தை மற்ற நாடுகளும் ஏற்க வேண்டும் என்ற எளிய விதியோடு 1978-ல், நாடுகளின் தனியார் சட்டங்களை ஒத்திசைக்கும் அமைப்பான ஹேக் மாநாடு ஓர் உடன்படிக்கையை உருவாக்கியது. அது நடைமுறைக்கு வந்தது 1991-ல். அதில் இணைந்தவை ஆஸ்திரேலியா, லக்சம்பர்க், நெதர்லாந்து என்ற மூன்று நாடுகள் மட்டுமே. திருமணம் என்று வரும்போது எந்த அரசும் தன் கையைக் கட்டிக்கொள்ள விரும்புவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “இந்தத் திருமணம் செல்லுமா, செல்லாதா?” என்று ஒரே வீச்சில் கேட்பதுதான் பெரும்பாலான துன்பத்துக்கு வேர். “எதற்காகச் செல்ல வேண்டும்?” என்று கேட்க வேண்டும். நுழைவு அனுமதிக்கா, ஜீவனாம்சத்துக்கா, வாரிசுரிமைக்கா, பிள்ளையின் தகுநிலைக்கா, மறுமணத்துக்கா? ஒவ்வொன்றுக்கும் விடை வேறாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். இது நான் புதிதாகக் கண்டுபிடித்த வழியன்று. மோர்மன் என்ற கிறித்தவப் பிரிவின் முறைப்படி அமெரிக்காவின் யூட்டாவில் நடந்த ஒரு திருமணத்தின் பேரில் மணவிலக்குக் கேட்ட கணவரை 1866-ல் இங்கிலாந்தின் நீதிபதி பென்சான்ஸ் பிரபு திருப்பி அனுப்பினார். பலதார மணத்தை அனுமதிக்கும் முறையில் நடந்த திருமணத்துக்குத் தம் நீதிமன்றம் நிவாரணம் தராது என்றார். அதே தீர்ப்பில், அத்தகைய திருமணத்தில் பிறந்த பிள்ளைகளின் வாரிசுரிமை பற்றித் தாம் எதையும் முடிவு செய்யவில்லை என்றும் தெளிவாக எழுதி வைத்தார். கதவை மூடியவரே சாளரத்தைத் திறந்து வைத்தார். மணவிலக்குக் கதவும் 1972-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் திறக்கப்பட்டது.

நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

வரப்பு

நெடுவழி அவர்களுக்கு வணக்கம். உங்கள் பணியின் மீது மதிப்பு உண்டு. ஆனால் உங்கள் முடிவு எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் மணமானவரா இல்லையா என்பது ஒவ்வோர் அலுவலகத்தின் வாசலிலும் மாறும் என்றால், அதற்குப் பெயர் குடும்ப நிலையே அன்று. காலையில் வரித்துறைக்கு மனைவி, மதியம் குடிவரவுத் துறைக்கு அந்நியர் என்று ஒருவரை நிறுத்துவதுதான் நீங்கள் கேட்கும் மனிதநேயமா?

இரண்டாவதாக, சில நேரங்களில் அரசு “முடியாது” என்று உரக்கச் சொல்லியே ஆக வேண்டும். ஜெர்மனி 2017-ல் இயற்றிய சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மணமக்களில் ஒருவர் 16 வயதை எட்டாதவராக இருந்தால், அந்தத் திருமணம் எந்த நாட்டில் நடந்திருந்தாலும் ஜெர்மனியில் அது நடக்காததற்குச் சமம். சிரியாவிலிருந்து ஏராளமான குடும்பங்கள் வந்து சேர்ந்த காலம் அது. சிறுமிகளின் திருமணத்தைப் ‘பண்பாட்டு வேறுபாடு’ என்று கடந்து போக முடியாது. பலதார மணத்திலும் இதே நிலைதான். குடும்ப ஒன்றிணைவு பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு நெறிமுறை, ஒரு மனைவியோடு அங்கே வாழ்பவர் இன்னொரு மனைவியை வரவழைக்க இடம் தருவதில்லை. வரம்பு வரம்பாக இருக்க வேண்டும். அதை நோக்கத்துக்கு ஏற்ப வளைத்தால், வளைக்கத் தெரிந்தவனுக்கே லாபம்.

நெடுவழி

வரப்பு அவர்களே, நீங்கள் எடுத்துக்காட்டிய ஜெர்மன் சட்டமே என் பக்கம் பேசுகிறது என்பதால் அதை விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தச் சட்டம் தொடர்பான ஒரு வழக்கில், சிரியாவில் 2015-ல் திருமணம் செய்துகொண்ட பெண்ணுக்கு அப்போது வயது 14. கணவர் 21 வயதானவர். அதே ஆண்டில் இருவரும் ஜெர்மனிக்கு வந்தார்கள். இளையோர் நலத்துறை அவளைத் தனியே பிரித்துப் பராமரிப்பில் வைத்தது. அந்த வழக்கு கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் வரை போயிற்று. நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் அளித்த முடிவைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். இத்தகைய திருமணத்தை ஏற்க மறுக்க அரசுக்கு அதிகாரம் உண்டு, சிறுமிகளைக் காப்பது நியாயமான நோக்கம் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. குறை வேறிடத்தில் இருந்தது. திருமணமே நடக்கவில்லை என்று சொல்லிவிட்டால், அந்தச் சிறுமிக்கு அந்தக் கணவனிடம் ஜீவனாம்சம் கேட்கும் உரிமையும் இல்லாமல் போகிறது. அவள் 18 வயதை அடைந்த பின் தன் சுய விருப்பத்தோடு அந்த வாழ்வைத் தொடர நினைத்தாலும் அதற்கு வழியில்லை. யாரைக் காப்பதற்காகச் சட்டம் வந்ததோ, அவளே வெறுங்கையோடு நின்றாள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பார்களே, அதுதான் இது. நீதிமன்றம் கெடு விதித்தது. நாடாளுமன்றம் 2024-ல் இரு குறைகளையும் சரிசெய்தது. திருமணம் இப்போதும் செல்லாது. ஆனால் ஜீவனாம்சத்துக்கு வழி உண்டு.

வரம்பை வளைக்கச் சொல்லவில்லை. வரம்பின் எந்தப் பக்கத்தில் யார் விழுகிறார்கள் என்று பாருங்கள் என்கிறேன்.

சொல்லேர்

நான் நீதிமன்றங்களுக்கு உறுதிமொழி மொழிபெயர்ப்புச் செய்பவள். ஒரு சொல்லைப் பற்றி எழுத வேண்டும்.

‘கஃபாலா’ என்ற அரபுச் சொல் ஓர் ஆவணத்தின் தலைப்பில் இருந்தது. கீழே நீதிபதியின் முத்திரை. அதற்கும் கீழே, கைவிடப்பட்ட ஒரு குழந்தையின் பராமரிப்பு, கல்வி, பாதுகாப்பு அனைத்தையும் ஒரு தம்பதியர் ஏற்றுக்கொள்வதாக வாசகம். முன்பு அதை மொழிபெயர்த்தவர் ‘தத்து’ என்று எழுதியிருந்தார். பெறும் நாட்டின் அலுவலர் தத்துக்குரிய படிவத்தை எடுத்தார். பிறந்த நாட்டுச் சட்டம் தத்தையே தடை செய்கிறது என்று கண்டார்; போலி ஆவணமோ என்று சந்தேகித்துக் கோப்பை மூடிவிட்டார். அந்தக் குழந்தை மாதக்கணக்கில் தொலைவிலேயே இருந்தது. ஒரே ஒரு சொல் செய்த வேலை இது.

இஸ்லாமிய மரபில் பிறப்பு வழி உறவை அழித்துப் புதிய வம்சப் பெயரைக் கொடுக்கும் தத்துக்கு இடமில்லை. ஆனால் ஆதரவற்ற பிள்ளையை எடுத்து வளர்ப்பது பெரும் அறமாகப் போற்றப்படுகிறது. அந்த அறத்தின் சட்ட வடிவமே கஃபாலா. பிள்ளையின் வம்சம் மாறாது. வளர்ப்பவரின் சொத்தில் தானாக வாரிசுரிமையும் வராது. மற்றபடி உணவு, கல்வி, பொறுப்பு, அன்பு அனைத்தும் உண்டு. அல்ஜீரியாவின் 1984-ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் தத்தைத் தடுத்து கஃபாலாவை வகுத்திருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 20-ஆவது பிரிவில், பெற்றோரில்லாப் பிள்ளைக்குத் தரக்கூடிய மாற்றுப் பராமரிப்புகளில் ஒன்றாகக் கஃபாலாவைப் பெயர் சொல்லியே ஏற்கிறது. குழந்தைகள் பாதுகாப்பு பற்றிய 1996-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையும் அப்படியே செய்கிறது. ஆக, உலகச் சட்டத்துக்கு இது அறிமுகமில்லாத சொல்லன்று. படிவத்தில்தான் அதற்குக் கட்டமில்லை.

இதில் நீதிமன்றங்கள் நடந்த பாதை கவனிக்கத்தக்கது. அல்ஜீரியாவில் கஃபாலாவாக எடுத்த குழந்தையைப் பிரான்ஸில் தத்தெடுக்க ஒரு பெண்மணி விண்ணப்பித்தார். குழந்தையின் நாட்டுச் சட்டம் தத்தைத் தடுப்பதால் பிரெஞ்சு நீதிமன்றங்கள் மறுத்தன. அந்த மறுப்பு குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2012-ல் முடிவு செய்தது. முதலில் படித்தபோது எனக்கு மனம் கசந்தது. காரணங்களைப் படித்த பின்னர் சற்றுத் தெளிந்தேன். பிரான்ஸ் கஃபாலாவை ஒதுக்கித் தள்ளவில்லை; அதன் பேரில் அந்தத் தாய் பிள்ளையின் சட்டப் பொறுப்பாளராகவே இருந்தார். மேலும், பிரெஞ்சுக் குடிமகளிடம் வளரும் பிள்ளை குறிப்பிட்ட காலத்துக்குப் பின் பிரெஞ்சுக் குடியுரிமை பெறலாம். பெற்ற பின் தத்துக்குத் தடையில்லை. பிறந்த நாட்டின் நெறியை ஒரே நாளில் அறுக்காமல், வாழும் நாட்டின் நெறிக்குள் மெல்ல அழைத்து வரும் ஏற்பாடு அது.

ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019-ல் எடுத்த முடிவும் நெடுவழி சொல்வதோடு ஒத்துப் போகிறது. பிரிட்டனில் வாழ்ந்த பிரெஞ்சுத் தம்பதியரின் கஃபாலாக் குழந்தையை ‘நேரடி வழித்தோன்றல்’ என்ற சொல்லுக்குள் கொண்டுவர முடியாது என்றது அந்த நீதிமன்றம். ஆனால் ‘ஏனைய குடும்ப உறுப்பினர்’ என்ற வகைக்குள் அந்தக் குழந்தை வரும். அரசு குழந்தையின் நலனை எடைபோட்டு, அவர்களிடையே உண்மையான குடும்ப வாழ்வு இருந்தால் நுழைவைத் தர வேண்டும் என்றது. பெயர் தரவில்லை; வாசலைத் திறந்தது.

நான் இப்போது அந்தச் சொல்லை மொழிபெயர்ப்பதில்லை. ‘கஃபாலா’ என்றே எழுதி, அது உண்டாக்கும் கடமைகளையும் உண்டாக்காத உரிமைகளையும் அடிக்குறிப்பில் வரிசையாகத் தருகிறேன்.

புதுவரவு

ஒரு சிறிய ஐயம். ஆவணத்தின் மீது அப்போஸ்டில் முத்திரை இருந்தால் எல்லா நாடும் ஏற்றுத்தானே ஆக வேண்டும்?

சொல்லேர்

இல்லை, தம்பி. 1961-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இடப்படும் அந்த முத்திரை, ஆவணத்தில் உள்ள கையொப்பமும் பதவியும் உண்மையானவை என்று மட்டுமே சொல்கிறது. உள்ளே இருக்கும் திருமணமோ மணவிலக்கோ செல்லும் என்று அது சொல்வதில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பணத்தைச் செலவழித்தவர்கள் பலர். ஆவணமே எடுத்து வர இயலாமல் ஓடி வந்த அகதிகளுக்கு வேறு ஏற்பாடு உண்டு: ஐரோப்பிய ஒன்றியத்தில், உறவுக்குத் தாள் இல்லை என்ற ஒரே காரணத்தால் அவர்களுடைய குடும்ப ஒன்றிணைவை மறுக்கக் கூடாது, வேறு சான்றுகளையும் பார்க்க வேண்டும்.

அலைகரை

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வரப்பு ஐயா, நீங்கள் எழுதிய “வரம்பு வரம்பாக இருக்க வேண்டும்” என்ற வரியைப் படித்த பின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் நிக்காஹ் நான் குடியேறிய நாட்டில் நடந்தது. “பதிவுத் திருமணத்தை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம்” என்றார்கள். அந்த அடுத்த மாதம் ஒன்பது ஆண்டுகள் வரவே இல்லை. உறவினரும் அண்டை வீட்டாரும் பள்ளியும் என்னை மனைவியாகவே அறிவார்கள். பிரிந்த பின்பு வழக்கறிஞரிடம் சென்றேன். கோப்பைப் புரட்டிவிட்டு, “அம்மா, உங்களுக்கு மணவிலக்குத் தேவையில்லை, சட்டப்படி உங்களுக்குத் திருமணமே ஆகவில்லை” என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ காலடியில் தரை நழுவியது. வீடு கணவர் பெயரில் இருந்தது. ஒன்பது ஆண்டு உழைப்புக்குக் கேட்க ஒரு வாசலும் இல்லை. அதே வேளையில் சமயப்படி நான் கட்டுண்டவள். கணவர் தலாக் தரும்வரை அல்லது மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கான குலா கிடைக்கும்வரை மறுமணம் இல்லை. சட்டத்துக்கு நான் ஒருபோதும் மனைவியாக இருந்ததில்லை, சமயத்துக்கு நான் இன்னும் மனைவி. இரண்டிலும் இழப்பு என்னுடையதே.

பின்னர்தான் இங்கிலாந்தின் வழக்கைப் பற்றிப் படித்தேன். ஒரு தம்பதியர் 1998-ல் லண்டன் உணவகம் ஒன்றில் நிக்காஹ் செய்துகொண்டு, பதிவு செய்யாமலே நான்கு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்கள். அதைச் ‘செல்லாத திருமணம்’ என்று உயர் நீதிமன்றம் 2018-ல் வகைப்படுத்தியது. கேட்கக் கடுமையாக இருந்தாலும் அது பெண்ணுக்கு நன்மையே. செல்லாத திருமணம் என்று அறிவித்தால், சொத்திலும் பராமரிப்பிலும் நீதிமன்றம் உத்தரவிட முடியும். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-ல் அதை மாற்றியது. அது செல்லாத திருமணமும் அன்று, திருமணமே அன்று என்றது. ‘செல்லாதது’ என்பதற்கும் ‘இல்லாதது’ என்பதற்கும் இடையில் ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுவதும் விழுந்துபோகும் அளவுக்குப் பள்ளம் இருக்கிறது.

மணவிலக்கிலும் இப்படித்தான். பிரிட்டனுக்குள் நீதிமன்றம் வழியாக அன்றிப் பெறும் மணவிலக்கு எதுவும் அங்கே செல்லாது என்கிறது 1986-ஆம் ஆண்டுச் சட்டம். பாகிஸ்தானின் 1961-ஆம் ஆண்டு அவசரச் சட்டப்படி, தலாக் சொன்னவர் உள்ளாட்சித் தலைவருக்கு அறிவிப்புக் கொடுத்து 90 நாள் கடந்தால் மணவிலக்கு நிறைவேறும். கணவர் பிரிட்டனில் இருந்தபடி தலாக்கை எழுதி, அறிவிப்பைப் பாகிஸ்தானுக்கு அனுப்பினால்? பாகிஸ்தானில் மணம் முறிந்தது, பிரிட்டனில் முறியவில்லை. நெடுவழியின் மேசையில் இருந்த மூன்றாவது தாளும் அத்தகையதாக இருக்கக்கூடும்.

இது ஒரு சமயத்தின் குறை என்று யாரும் எண்ண வேண்டாம். யூத மரபில் கணவர் ‘கெட்’ என்ற விடுதலைப் பத்திரத்தைத் தரும்வரை மனைவி சமயப்படி மறுமணம் செய்ய இயலாது. கெட் தருவதாக ஒப்பந்தம் எழுதிவிட்டு 15 ஆண்டுகள் இழுத்தடித்த கணவருக்கு எதிராகக் கனடாவின் உச்ச நீதிமன்றம் 2007-ல் 47,500 டாலர் இழப்பீட்டை உறுதி செய்தது. இங்கிலாந்தில் 2002-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு, யூத சமய மணவிலக்கு நிறைவேறும்வரை இறுதி ஆணையை நிறுத்தி வைக்க நீதிபதியால் முடியும். சமயம் தன்னிடமே வைத்துக்கொண்ட சாவியை அரசு பறிக்கவில்லை. சாவியை வைத்துக்கொண்டு தராதவனுக்கு விலை வைத்தது. எனக்கு அப்படி ஒரு விதி கிடைத்திருந்தால் போதும்.

பிலிப்பைன்ஸில் பெரும்பாலானோருக்கு மணவிலக்கே இல்லை. முஸ்லிம்களுக்கு மட்டும் தனிச் சட்டத்தில் உண்டு. ஆனால் உலகெங்கும் வேலைக்குச் செல்லும் மக்களைக் கொண்ட நாடு அது. அயல்நாட்டுக் கணவர் வெளிநாட்டில் மணவிலக்குப் பெற்றால் பிலிப்பைன்ஸ் மனைவியும் மறுமணம் செய்யலாம் என்று அவர்களுடைய குடும்பச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு சொல்லியிருந்தது. அந்த மணவிலக்கை மனைவியே பெற்றிருந்தாலும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் விரித்துச் சொன்னது. கணவர் விடுபட்டவர், மனைவி மட்டும் கட்டுண்டவர் என்ற நிலையைத் தாங்க முடியாது என்பதே அதன் சாரம்.

வரப்பு

அலைகரை அம்மா, உங்கள் பதிவை இரு முறை படித்தேன். நான் எழுதிய வரி உங்களை நோகச் செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ‘செல்லாதது’, ‘இல்லாதது’ என்ற வேறுபாட்டின் கனம் எனக்கு இதுவரை உறைக்கவில்லை. நிவாரணம் தருவதற்கு முன் திருமணத்தின் முழுத் தகுதியையும் நிறுவ வேண்டும் என்ற நிபந்தனை அநியாயம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

ஆயினும் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். சமய நெறியை ஏற்பது என்பது, அந்த நெறியை விரும்பாதவர் தலையிலும் அதைக் கட்டுவதாக மாறிவிடக் கூடாது. கிரேக்கத்தின் மேற்குத் திரேஸ் பகுதி முஸ்லிம்களுக்குப் பழைய உடன்படிக்கைகளின் பெயரால் ஷரீஅத் வாரிசுரிமை பொருத்தப்பட்டு வந்தது. அங்கே ஒருவர் கிரேக்கக் குடிமைச் சட்டப்படி உயில் எழுதித் தம் சொத்து முழுவதையும் மனைவிக்கு விட்டுச் சென்றார். உயில் செல்லாது என்று அவருடைய சகோதரிகள் வழக்காடினார்கள். அந்த விதவை முக்கால் பங்கை இழந்தார். ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2018 டிசம்பரில் அதைப் பாகுபாடு என்று தீர்த்தது. சிறுபான்மையைச் சேர்ந்த ஒருவர் பொதுச் சட்டத்தைத் தேர்ந்தெடுக்க விரும்பினால், “நீ எங்களுடையவள், உனக்கு அது இல்லை” என்று அரசு சொல்லக் கூடாது. எல்லை கடந்து வந்தவரைப் பிறந்த நாட்டின் சட்டத்தோடு என்றென்றைக்கும் பிணைப்பதும் இதே தவறுதான். மதிப்பு என்ற பெயரில் கொடுக்கப்படும் சிறை அது.

நோக்கத்துக்கேற்ப ஏற்பது என்ற வழியில், தேர்வு யாருடைய கையில் இருக்கும் என்று நெடுவழி அவர்கள் சொல்ல வேண்டும்.

நெடுவழி

நலிந்த நிலையில் இருப்பவரின் கையில் இருக்க வேண்டும் என்பதே என் விடை. நிவாரணம் கேட்பவர் மறுமண உரிமையையோ பராமரிப்பையோ பெறுவதற்காகத் திருமணத்தைக் காட்டினால், அரசு கதவைத் திறக்கலாம். அவர்மேல் அதிகாரம் செலுத்துவதற்காக மற்றவர் அதே திருமணத்தைக் காட்டினால், வரப்பு அவர்கள் கேட்கும் வரம்பு அங்கே நிற்கட்டும். இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 1991-ல் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொன்னது. எதிர்த் தரப்பினர் தம் விருப்பத்தோடு கலந்துகொள்ளாத அயல்நாட்டு வழக்கில், மணம் நடந்த சட்டத்தில் இல்லாத காரணத்தின் பேரில் கொடுக்கப்பட்ட மணவிலக்கைக் கட்டாயம் ஏற்க வேண்டியதில்லை என்றது. அறிவிப்புக்கூட வந்து சேராத மனைவியைக் காக்கும் விதி அது. அதே விதி, தானே அயல்நாட்டில் மணவிலக்குப் பெற்றுத் திரும்பிய பெண்ணுக்குத் தடையாக நிற்கும் வேளைகளும் உண்டு என்பதை மறுக்க மாட்டேன்.

தொடக்கத்தில் சொன்ன பெண்மணியைப் பற்றிச் சிலர் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். இலவச சட்ட உதவி மையத்தின் வழக்கறிஞர் மூன்றாவது தாளை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டார். அந்தப் பெண்மணி பிறந்த நாட்டில் முறைப்படி பதிவான திருமணம், வாழும் நாட்டில் மணம் என்றே கருதப்படுகிறது. ஜீவனாம்ச மனுவுக்கு அது ஒன்றே போதும். மணவிலக்குக் கடிதம் செல்லுமா என்ற வழக்கை அவர் மறுமணம் செய்ய நினைக்கும் நாளில் தனியாக நடத்திக்கொள்ளலாம். படிவத்தில் ‘மணமானவர்’ என்ற கட்டத்தில் குறியிட்டு, எந்த நாட்டில் என்ன நிலை என்பதை ஒரு தனித் தாளில் எழுதி இணைத்தோம். மூன்று எழுத்துமுறைகளும் ஒரே ஆளைக் குறிப்பவை என்ற உறுதிமொழிப் பத்திரத்தைச் சொல்லேர் அவர்கள் கட்டணம் வாங்காமல் மொழிபெயர்த்துத் தந்தார். கையொப்பமிடும் முன், எந்த எழுத்துமுறையில் இடுவது என்று அந்தப் பெண்மணி கேட்டார். “பள்ளியில் எப்படி எழுதக் கற்றீர்களோ, அப்படியே” என்றேன். வலமிருந்து இடமாக, மெதுவாக எழுதினார். மனு பதிவாகிவிட்டது, எண் கிடைத்திருக்கிறது.